சீற் கூரையும் தேயிலை வண்டும்: தள்ளிப்போன ஒரு தடையின் கதை

கொஞ்சம் நீண்ட பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

இந்த லீவில் எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று பாடசாலைகளில் பழைய கட்டடங்களின் கூரையை மாற்றப் போகிறார்கள். நல்ல விடயம். கழற்றும் பழைய சீற்றை என்ன செய்வது என்று கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் வருகிறது: "தேவையான ஆக்கள் கொண்டு போகட்டும்." ஒருவருக்குக் கோழிக்கூட்டுக்கு வேண்டும், இன்னொருவருக்குக் கிணற்றடி மறைப்புக்கு, வேறொருவருக்கு மாட்டுக் கொட்டிலுக்கு. உடைந்த துண்டுகள் பள்ளக் காணி நிரப்பப் போகும். ஊரில் எதையும் வீணாக்காத நல்ல பழக்கம் இது. ஆனால் அஸ்பெஸ்டஸ் சீற் விடயத்தில் இந்தப் பழக்கம் ஆபத்தானது. அது ஏன், இதற்கு ஏன் இதுவரை எங்கள் நாட்டில் ஒரு முடிவு வரவில்லை என்பதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் லண்டன் வைத்தியசாலை ஒன்று வருகிறது, கனடாவின் ஒரு சுரங்க நகரம் வருகிறது, எங்கள் மலைநாட்டுத் தேயிலையும் வருகிறது.

கிடுகிலிருந்து சீற்றுக்கு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சீற் போட்டவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் ஊர்களில் சீற் வந்தது மடமையால் அல்ல. அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன.

எங்கள் மூத்தம்மாமாரின் காலத்தில் பெரும்பாலான வீடுகள் கிடுகு வேய்ந்தவை. வெயிலுக்குக் குளிர்ச்சி. ஆனால் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றி வேய வேண்டும், மாரியில் ஒழுகும், குசினியிலிருந்து ஒரு நெருப்புப் பொறி பறந்தால் வரிசையாக நாலு வீடு போகும். வசதியானவர்கள் ஓடு போட்டார்கள். தென்னிந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கப்பலில் வந்த ஓட்டுக்குத்தான் 'கலிகட் ஓடு' என்று பெயர் வந்தது. ஓட்டுக்குப் பாரம் தாங்கும் சுவர் வேண்டும், கைமரம், சிலாகை என்று நிறைய மரம் வேண்டும். தகரம் போட்டால் கடல் காற்றுக்குச் சில வருடங்களிலேயே துருப்பிடித்துவிடும்.

1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைப் பெரியவர்கள் இன்றும் வருடக் கணக்குக்கு வைத்திருக்கிறார்கள். "சூறாவளிக்கு முதல் பிறந்தவன், சூறாவளிக்குப் பிறகு கல்யாணம் முடிச்சவள்" என்று பேசுவார்கள். அந்த ஒரே இரவில் கிடுகும் ஓடும் தென்னைகளும் போயின. கூரை இழந்த ஊர்களுக்குச் சீற் மிக வசதியான சாமானாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. பாரம் குறைவு, மரம் குறைவு, நெருப்புப் பிடிக்காது, கறையான் அரிக்காது, உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காது. இரண்டு நாளில் ஒரு வீட்டை மூடிவிடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் கிழக்கில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். அத்திவாரம், சுவர், கதவு, ஜன்னல் என்று காசு போய்க்கொண்டே இருக்கும். கூரை கடைசியில் வருகிற செலவு. வாப்பாவின் கையில் காசு முடிகிற நேரத்தில் வருகிற செலவு. அந்த நேரத்தில் எது மலிவோ அதுதான் கூரையாகிறது. ஆகவே சீற் கூரையின் வரலாறு ஏழை, நடுத்தர வாப்பாமாரின் வரலாறும்தான்.

சீற்றுக்குள் என்ன இருக்கிறது?

அஸ்பெஸ்டஸ் என்பதைத் தமிழில் கல்நார் என்கிறோம். பொருத்தமான பெயர். இது கல்லிலிருந்து தோண்டி எடுக்கப்படும் ஒரு கனிமம். ஆனால் தும்பு போலப் பிரியும், பஞ்சு போல நூற்கலாம், நெருப்பில் எரியாது. வெள்ளை, நீலம், கபிலம் என்று வியாபாரத்தில் முக்கியமாக மூன்று வகை இருந்தன. எங்கள் கூரைகளில் உள்ளது பெரும்பாலும் வெள்ளை.

சுமார் 1900ஆம் ஆண்டளவில் லுட்விக் ஹட்செக் என்ற ஒஸ்திரிய நாட்டவர் இந்தத் தும்பைச் சிமெந்துடன் கலந்து மெல்லிய, உறுதியான தகடாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். சீற்றின் பெரும்பகுதி சிமெந்துதான், கல்நார் சுமார் பத்து வீதம். கட்டுக்கம்பி கொங்கிரீற்றுக்குச் செய்கிற வேலையைக் கல்நார் தும்பு சீற்றுக்குச் செய்கிறது.

தும்பு சிமெந்துக்குள் இறுகிக் கிடக்கும் வரை பெரிய பிரச்சினை இல்லை. வெட்டும்போது, துளைக்கும்போது, உடைக்கும்போது, கம்பிப் பிரஷ்ஷால் பாசி சுரண்டும்போது அது தூசாகக் கிளம்புகிறது. தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய ஊசிகள் அவை, கண்ணுக்குத் தெரியாது. மூச்சுடன் சுவாசப்பையின் அடி வரை போனால் பல அங்கேயே தங்கிவிடும். உடம்பால் அவற்றைக் கரைக்க முடியாது. பல வருடம் கழித்து சுவாசப்பை தடித்து இறுகும் 'அஸ்பெஸ்டோசிஸ்' வரலாம், சுவாசப்பைப் புற்றுநோய் வரலாம், சுவாசப்பையைச் சுற்றியுள்ள சவ்வில் 'மீசோதெலியோமா' என்ற கொடிய புற்றுநோய் வரலாம். இந்தக் கடைசி நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் இருபது முதல் ஐம்பது வருடம் எடுக்கும். இருபது வயதில் சுவாசித்த தூசு அறுபது வயதில் கணக்குக் கேட்கும். அந்த நேரத்தில் அதைக் கூரையோடு தொடர்புபடுத்தி யார் யோசிப்பார்கள்?

தெரிந்திருந்தது, மிக முன்பே தெரிந்திருந்தது

இந்த ஆபத்து அண்மையில் கண்டுபிடிக்கப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல.

1898இலேயே பிரித்தானியாவில் தொழிற்சாலைகளைப் பரிசோதித்த பெண் பரிசோதகர்களில் ஒருவரான லூசி டீன், கல்நார் தூசு கூரான, கண்ணாடித் துகள் போன்றது என்றும் தொழிலாளருக்குக் கெடுதி செய்கிறது என்றும் அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். 1899இல் லண்டன் சாரிங் குரொஸ் வைத்தியசாலையில் வைத்தியர் மொன்டேகு மரே ஒரு கல்நார் தொழிலாளியைப் பார்த்தார். அந்த மனிதருக்கு வயது முப்பத்து மூன்று. தன்னோடு ஒரே அறையில் வேலை செய்த பத்துப் பேரில் தான் மட்டுமே மிச்சம் என்று சொன்னார். அடுத்த வருடம் அவரும் மௌத்தாகினார். சுவாசப்பைக்குள் கல்நார் கிடந்ததை மரே கண்டார். 1906இல் அரசாங்கக் குழுவின் முன் சாட்சியமும் அளித்தார். இருந்தும் நட்டஈடு கிடைக்கும் நோய்களின் பட்டியலில் அது சேர்க்கப்படவில்லை.

1924இல் ரொச்டேல் என்ற ஆலை நகரத்தில் நெல்லி கேர்ஷோ என்ற பெண் இறந்தார். அவருக்கும் வயது முப்பத்து மூன்று. வேலையால்தான் நோய் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தும் கம்பனி நட்டஈடு தர மறுத்தது. அவருடைய உடலைப் பரிசோதித்த வைத்தியர் வில்லியம் குக் அதை மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். அஸ்பெஸ்டோசிஸ் என்ற பெயரை இந்த நோய்க்கு வைத்தவரும் அவர்தான்.

இதற்குப் பிறகுதான் 1931இல் பிரித்தானியா கல்நார் கைத்தொழிலுக்கென்று முதலாவது ஒழுங்குவிதிகளை உண்டாக்கியது. லூசி டீனின் அறிக்கையிலிருந்து எண்ணினால் முப்பத்து மூன்று வருடங்கள். அந்த விதிகளும் தொழிற்சாலைக்குள் பறக்கும் தூசை மட்டுமே பார்த்தன. சீற் வாங்கி வெட்டுகிற மேசனைப் பார்க்கவில்லை, அதற்குக் கீழே வாழும் குடும்பத்தைப் பார்க்கவில்லை, கழற்றி எறிகிற குப்பையைப் பார்க்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக ஆதாரங்கள் வந்தன. 1955இல் ரிச்சர்ட் டோல், கல்நார் தொழிலாளரிடையே சுவாசப்பைப் புற்றுநோய் மிக அதிகம் என்று காட்டினார். 1960இல் தென்னாபிரிக்காவில் வாக்னரும் அவருடைய சகாக்களும் நீலக் கல்நார் சுரங்கப் பிரதேசத்தில் மீசோதெலியோமா நோயாளிகளை ஆராய்ந்தார்கள். அதில் சுரங்கத்தில் ஒருநாளும் வேலை செய்யாத, அந்தப் பிரதேசத்தில் வாழ்ந்த சாதாரண மக்களும் இருந்தார்கள். 1965இல் லண்டனில் இன்னொரு ஆய்வு. தொழிற்சாலைக்கு அருகில் குடியிருந்தவர்கள், வேலை முடிந்து வந்தவர்களின் தூசு படிந்த உடுப்போடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் ஆகியோரிடமும் அதே நோய். கணவனின் சேட்டை உதறித் துவைத்த மனைவியைக் கூட அந்தத் தூசு விடவில்லை.

இந்த இடத்தைக் கவனமாகப் பாருங்கள். 1965க்குப் பிறகு இது 'தொழிலாளர் பிரச்சினை' மட்டும் என்று எந்த அரசாங்கமும் சொல்ல முடியாது.

தடை வந்த விதம்

ஆனாலும் தடை ஒரேயடியாக வரவில்லை, தவணை முறையில் வந்தது. பிரித்தானியா நீலத்தையும் கபிலத்தையும் 1985இல் தடை செய்தது. வெள்ளையைத் தடை செய்ய 1999 வரை போனது. அவுஸ்திரேலியாவில் 2003 முடிவு. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005. ஜப்பானில் 2005இல் அமகசாகி நகரில் ஒரு தொழிற்சாலையைச் சுற்றி வாழ்ந்த மக்களுக்கு வந்த நோய் வெளியாகி நாடே அதிர்ந்தது. அடுத்த வருடமே பாதிக்கப்பட்டவர்களுக்கான நிவாரணச் சட்டம் வந்தது.

இவற்றில் எங்களுக்கு முக்கியமான கதை பிரான்ஸின் கதை. 1997 ஜனவரி முதல் பிரான்ஸ் கல்நாரைத் தடை செய்தது. அதை எதிர்த்துக் கனடா உலக வர்த்தக நிறுவனத்திடம் போனது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 'அஸ்பெஸ்டஸ்' என்றே பெயர் கொண்ட சுரங்க நகரம் இருந்தது. "கவனமாகப் பாவித்தால் வெள்ளைக் கல்நார் பாதுகாப்பானது, ஆகவே இந்தத் தடை வர்த்தகத்துக்கு விரோதம்" என்பது கனடாவின் வாதம். 2001 மார்ச்சில் மேன்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. தன் மக்களின் சுகாதாரத்தை எந்த அளவுக்குப் பாதுகாக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை நாட்டுக்கு உண்டு, பிரான்ஸின் தடை செல்லும் என்று தீர்ப்பானது.

'கவனமாகப் பாவித்தால்' என்ற சொல் இன்றும் கல்நார் வியாபாரிகளின் முக்கிய வாதம். தொழிற்சாலையில் ஒருவேளை கவனமாக இருக்கலாம். எங்கள் ஊரில் ஒரு பாஸ் கொழுத்தும் வெயிலில் கூரைக்கு மேல் ஏறிக் கிரைண்டரால் சீற் வெட்டும்போது எந்தக் கவனம் இருக்கிறது? கீழே அவருடைய கையாளாக நிற்கிற பதினெட்டு வயதுப் பிள்ளையின் மூக்கில் என்ன இருக்கிறது?

கனடா பின்னர் தன் சுரங்கங்களை மூடியது. 2018 முடிவில் தானே கல்நாரைத் தடை செய்தது. 'அஸ்பெஸ்டஸ்' நகரம் 2020இல் தன் பெயரையும் மாற்றிக்கொண்டது. பெயரைக் கூட வைத்திருக்க விரும்பாத சாமானை நாங்கள் இன்னும் தலைக்கு மேல் வைத்திருக்கிறோம்.

பணக்கார நாடுகளின் கதவுகள் மூடியபோது விற்பனை ஆசியாவை நோக்கித் திரும்பியது. இன்று உலகில் அதிகம் கல்நார் தோண்டும் நாடு ரஷ்யா. அங்கே யூரல் மலைப் பக்கத்தில் 'அஸ்பெஸ்ட்' என்றே ஒரு நகரம் இருக்கிறது. ஆபத்தான இரசாயனங்களின் ஏற்றுமதியில் வாங்கும் நாட்டுக்கு முன்கூட்டியே தகவல் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் ரொட்டர்டாம் உடன்படிக்கையில் வெள்ளைக் கல்நாரைச் சேர்க்க 2006 முதல் மாநாட்டுக்கு மாநாடு முயற்சி நடந்தது. சேர்த்தால் தடை வராது, தகவல் கொடுக்கும் கடமை மட்டும்தான் வரும். அதற்கும் எல்லா நாடுகளும் இணங்க வேண்டும் என்பதால் ஒரு சில நாடுகள் எதிர்த்தே அதை நிறுத்தி வைத்தன.

இலங்கையும் பன்னிரண்டு நாட்களும்

இப்போது எங்கள் நாட்டுக்கு வருவோம். நீலக் கல்நார் இங்கு முன்பே தடை செய்யப்பட்டுவிட்டது. வெள்ளைக் கல்நார், பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து, வருடத்துக்குப் பல்லாயிரம் தொன் கணக்கில் வந்துகொண்டிருந்தது. மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாக இருந்த காலத்தில் இதை நிறுத்தத் தீர்மானித்தார்கள். 2018 ஜனவரி 1 முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவது, 2024 அளவில் முற்றாக ஒழிப்பது. இதுதான் திட்டம். நல்ல திட்டம். மாற்றுக் கூரைக்கு நாடு தயாராவதற்கு ஆறு வருட அவகாசமும் அதில் இருந்தது.

2017 டிசம்பரில், அந்தத் திகதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ரஷ்யாவுக்குப் போன இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் ஒரு வண்டு இருந்ததாகச் செய்தி வந்தது. கப்ரா வண்டு, தானியங்களை அழிக்கும் பூச்சி. டிசம்பர் 18 முதல் இலங்கையின் தேயிலை உட்பட விவசாய உற்பத்திகளுக்கு ரஷ்யா தற்காலிகத் தடை போட்டது.

ரஷ்யா எங்கள் தேயிலையை வாங்கும் மிகப் பெரிய நாடுகளில் ஒன்று. கொழும்பு பதறிப்போனது. அதே நாட்களில் அரசாங்கம் கல்நார் மீதான கட்டுப்பாட்டைத் தற்காலிகமாகத் தளர்த்துவதாக அறிவித்தது. டிசம்பர் 30இல் தேயிலைத் தடை நீங்கியது. பன்னிரண்டு நாட்கள். வெளியில் சொல்லப்பட்ட காரணம் வண்டு. ஆனால் உள்நாட்டு, வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே எழுதின.

இந்தத் தீர்மானத்தை எடுத்தவர்களை ஒரு வரியில் திட்டிவிட்டுப் போவது இலேசு. நான் அப்படிச் செய்யவில்லை. தேயிலை விற்காவிட்டால் முதலில் பட்டினி கிடப்பது மலையகத்தில் கொழுந்து பறிக்கும் குடும்பமும் தெற்கில் அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரரும்தான். அவர்களின் இன்றைய சோறா, எங்கள் பிள்ளைகளின் நாற்பது வருடத்துக்குப் பிந்திய சுவாசப்பையா என்று தராசில் வைத்தால் எந்த அரசாங்கமும் இன்றைய சோற்றைத்தான் எடுக்கும். பிரான்ஸுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் அதுதான். சட்டப்படி பிரான்ஸுக்கு இருந்த உரிமை எங்களுக்கும் இருந்தது. அந்த உரிமையைப் பாவிக்கும் வசதி எங்களுக்கு இருக்கவில்லை.

ஆனால் தற்காலிகம் என்று சொன்னது தற்காலிகமாக இருந்திருக்க வேண்டும். 2024 வந்தது, போனது. இன்றும் எந்த ஹார்ட்வெயாருக்குப் போனாலும் சீற் அடுக்கி வைத்திருக்கிறது.

விற்பனையைப் பார்க்கும் சட்டமும் பார்க்காத கழிவும்

நாளைக்கே விற்பனைத் தடை வந்தாலும் பாதிப் பிரச்சினைதான் தீரும். ஏற்கனவே போட்ட கூரைகள்?

பிரித்தானியா முழுத் தடை போட்டுக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனாலும் அங்கே வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மீசோதெலியோமாவால் இறக்கிறார்கள். முந்திய காலத்துத் தூசு இப்போது கணக்கு முடிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் கல்நாரால் உலகம் முழுவதும் வருடத்துக்கு இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போகின்றன. அதனால்தான் அங்கே தடைக்குப் பிறகும் சட்டம் தொடர்கிறது. வீடல்லாத கட்டடம் எதற்கும், பாடசாலை உட்பட, பொறுப்பாக இருப்பவர் எங்கே கல்நார் இருக்கிறது என்று பதிவேடு வைக்க வேண்டும், அதன் நிலைமையைப் பார்த்து வர வேண்டும், வேலைக்கு வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

தென்கொரியாவின் கதை எங்கள் கதைக்கு இன்னும் கிட்ட. 1970களில் 'புதிய கிராமம்' இயக்கத்தில் அரசாங்கமே முன்நின்று வைக்கோல் கூரைகளை அகற்றிக் கல்நார் சீற் போடச் செய்தது. 2009இல் அதே நாடு கல்நாரை முற்றாகத் தடை செய்தது. அத்தோடு நிற்கவில்லை. 2011 முதல் பழைய சீற் கூரையைக் கழற்றி அகற்ற வீட்டுக்காரருக்கு அரச உதவி கொடுக்கிறது. "நாங்கள் போடச் சொன்னோம், நாங்களே கழற்ற உதவுகிறோம்" என்கிற பொறுப்பு அது.

இங்கே? அபாயகரமான கழிவுகளின் எல்லை தாண்டிய நகர்வைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை கல்நார் தூசையும் தும்பையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. இலங்கை அதில் ஓர் உறுப்பு நாடு. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 2008இல் வந்த ஒழுங்குவிதிகளின்படி அட்டவணைப்படுத்தப்பட்ட அபாயகரமான கழிவுகளைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஏட்டில் இவ்வளவும் உண்டு. ஆனால் ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டிலிருந்து இருபது சீற்றைக் கழற்றினால் அதை எங்கே கொண்டு போய்க் கொடுப்பது? எங்கள் பகுதியில் அதற்கென்று ஒரு இடம் இல்லை. ஆகவே களப்பு ஓரம், வாய்க்கால் கரை, வெற்று வளவு.

சுனாமியை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்தோம். மையித்துகளை அடக்கிவிட்டு இடிபாடுகளை அள்ளத் தொடங்கினோம். கல், கம்பி, மரம், சேறு, நொறுங்கிய சீற் எல்லாம் ஒன்றாக. வெறுங்கையால் அள்ளினார்கள் எங்கள் வாலிபர்கள். டிரக்டர்களில் ஏற்றிப் பள்ளக் காணிகளில் கொட்டினார்கள். அந்த நேரத்தில் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இப்போது இருபது வருடம் கடந்துவிட்டது. நோய் தெரிய எடுக்கும் காலம் இருபது முதல் ஐம்பது வருடம் என்று மேலே எழுதினேன். அந்த நாட்களில் பல மாதம் இடிபாடு அள்ளியவர்களுக்கு நீண்டகாலச் சளி, இருமல், மூச்சுத்திணறல் இருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் வைத்தியரிடம் போகும்போது அந்த வேலை செய்ததையும் சொல்லுங்கள். மேசன், தச்சு, கூரை வேலை செய்தவர்களும் சொல்லுங்கள். கேட்காத வரை வைத்தியருக்கு அது தெரியாது.

"என் வாப்பா எண்பது வயது வரை இருந்தாரே?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நியாயமான கேள்விதான். சீற் கூரைக்குக் கீழ் இருந்த எல்லோருக்கும் நோய் வராது. உடையாமல், உரசாமல் இருக்கும் கூரையிலிருந்து வரும் தூசு மிகக் குறைவு. ஆபத்தில் முன்வரிசையில் நிற்பது வெட்டுகிறவர், துளைக்கிறவர், கழற்றுகிறவர், உடைக்கிறவர். ஆனால் எந்த அளவு தூசு பாதுகாப்பானது என்று ஒரு எல்லை இதுவரை காணப்படவில்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் எல்லா வகைக் கல்நாரின் பாவனையையும் நிறுத்துவதே வழி என்கிறது.

ஆகவே இதை வாசித்துவிட்டு நாளை காலை சுத்தியலோடு கூரையில் ஏற வேண்டாம். பயத்தில் கழற்றுவது, கழற்றாமல் விடுவதை விட மோசம்.

எங்கள் கையில் இருப்பது

1. நல்ல நிலையில் உள்ள சீற்றைச் சும்மா விடுங்கள். பெருநாளைக்கு முதல் கூரைப் பாசியைக் கம்பிப் பிரஷ் போட்டு உரஞ்சுகிற வேலையை நிறுத்துங்கள்.

2. கிரைண்டரால் வெட்ட வேண்டாம், காய்ந்த நிலையில் துளைக்க வேண்டாம். கட்டாயம் வேலை செய்ய வேண்டி வந்தால் நன்றாகத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, கைவாளால் மெதுவாக. பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம். நனைந்த கூரை வழுக்கும், பழைய சீற் ஆள் பாரம் தாங்காது. பலகை போடாமல் மேலே கால் வைக்க வேண்டாம்.

3. சாதாரணத் துணி முகக்கவசம் இந்தத் தூசைத் தடுக்காது. தூசு வடிகட்டும் சரியான கவசம் வேண்டும். வேலை உடுப்பை வீட்டுக்குள் உதற வேண்டாம், தனியாக நனைத்துத் துவையுங்கள்.

4. கழற்றும்போது ஆணியைத் தளர்த்தி முழுசாக இறக்குங்கள். மேலிருந்து எறிந்து உடைக்க வேண்டாம். கிடைக்கும் தடித்த பொலித்தீனால் இரண்டு சுற்றுச் சுற்றி, பிள்ளைகள் போகாத ஓர் இடத்தில் அடுக்கி வையுங்கள்.

5. உடைத்துக் காணி நிரப்ப வேண்டாம். எரிக்க வேண்டாம். கோழிக்கூட்டுக்கும் வேலிக்கும் கொடுக்க வேண்டாம். அது தானதர்மம் அல்ல, நோயைக் கை மாற்றுவது.

6. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் ஓடு, வர்ணத் தகடு, கல்நார் கலக்காத சிமெந்துச் சீற் மூன்றுக்கும் விலை கேட்டுப் பாருங்கள். கூரைச் செலவை முதலிலேயே கணக்கில் ஒதுக்கி வையுங்கள். கடைசியில் விட்டால் கடைசிக் காசுதான் கூரையாகும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும் பள்ளிவாசல், மத்ரஸா நிர்வாகங்களுக்கும் ஒரு தனி வேண்டுகோள். கூரை வேலைக்குக் கொந்தராத்துக் கொடுக்கும்போது மூன்று விடயங்களை எழுத்தில் போடுங்கள்: பிள்ளைகள் இல்லாத நாளில் வேலை, நனைத்து முழுசாகக் கழற்றுவது, கழற்றிய சீற்றுக்குக் கொந்தராத்துக்காரர் பொறுப்பு. இதற்குப் பெரிய செலவில்லை. எழுதாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

எங்கள் மாநகர சபை, பிரதேச சபை உறுப்பினர்களிடமும் ஒரு கேள்வி. வீடுகளிலிருந்து வரும் பழைய சீற்றை வேறாகச் சேகரிக்க ஒரு நாள், அதை வேறாக வைக்க ஒரு இடம், இவ்வளவுதான் கேட்கிறோம். கொழும்பிலிருந்து தடை வரும்வரை இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் ஆலோசனை கேட்டு ஒரு கடிதம் எழுதினாலே ஒரு ஆரம்பம்.

லூசி டீன் எழுதிய அறிக்கைக்கு அரசாங்கம் பதில் சொல்ல முப்பத்து மூன்று வருடம் எடுத்தது. எங்கள் நாட்டில் தடைக்குத் திகதி குறித்தும் ஒரு வண்டு வந்து அதைத் தள்ளிப்போட்டது. மேலே உள்ளவர்கள் எப்போது தீர்மானிப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. எங்கள் வளவில் கிடக்கும் சீற்றை யார் உடைப்பது, யார் தொடுவது என்பது எங்கள் தீர்மானம்.

கூரை வேலை செய்கிற ஒருவரைத் தெரிந்தால் இந்தப் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அனுப்பிவிட்டால் மட்டும் போதாது, பலர் நீண்ட பதிவு வாசிக்கமாட்டார்கள். உங்கள் ஊரில் எந்த இடத்தில் பழைய சீற் கொட்டிக் கிடக்கிறது என்று கீழே எழுதுங்கள். ஒரு பட்டியலாகச் சேர்த்துச் சபைக்குக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.